சிங்க்திங் 2: போன் படங்களைக் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி?

போனில் எடுத்த படங்கள் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் தங்காமல் நேராக உங்கள் கணினிக்கு வர வேண்டுமா? சிங்க்திங் போதும். இலவசம், கட்டற்ற மென்பொருள். இதன் 2.0 பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியானது. கோப்புகளின் கணக்கை வைத்திருந்த லெவல்டிபி என்ற தரவுத்தளம் போய், இப்போது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் வந்திருக்கிறது.

ஏற்கெனவே பழைய 1.x பதிப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: புதியதை முதன்முறை திறக்கும்போது பழைய தரவுத்தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றும். கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் நேரம் பிடிக்கும். நடுவில் மூடாதீர்கள்.

படி 1: கணினி

அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து ஜிப்பை இறக்கி, பிரித்து, இயக்குங்கள். பிரவுசரில் 127.0.0.1:8384 என்ற முகவரியில் சிங்க்திங்கின் பக்கம் திறக்கும். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுங்கள். ஃபோல்டர் பட்டியல் காலியாக இருந்தால் பழுதில்லை, 2.0 தானாக எதையும் உருவாக்குவதில்லை.

படி 2: போன்

அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரில் நின்றுவிட்டது. கட்டற்ற செயலிகள் கிடைக்கும் எஃப்-டிராய்டு தளத்திலிருந்து, அதன் மாற்று வடிவமான சிங்க்திங்-ஃபோர்க்கை நிறுவுங்கள். எல்லா கோப்புகளுக்கும் அனுமதி கொடுத்து, பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்து விலக்கு அளியுங்கள். இதை விட்டுவிட்டால், திரை அணைந்த சற்று நேரத்தில் ஆண்ட்ராய்டே செயலியை நிறுத்திவிடும். ‘சிங்க் ஆகவே மாட்டேங்குது’ என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

படி 3: இணைப்பு

கணினியில் ஆக்‌ஷன்ஸ் மெனுவில் ‘ஷோ ஐடி’யைத் தட்டினால், ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதியும் ஒரு கியூஆர் கோடும் வரும். போனில் புதிய டிவைஸ் சேர்க்கும் பக்கத்தில் அதை ஸ்கேன் செய்யுங்கள். கொஞ்சம் பொறுத்தால் கணினியில் அறிவிப்பு வரும். அங்கேயும் ‘ஆட் டிவைஸ்’ கொடுக்க வேண்டும். இரு பக்கமும் ஒப்புக்கொள்ளாமல் இணைப்பு ஏற்படாது.

படி 4: ஃபோல்டர்

போனில் டிசிஐஎம்-க்குள் இருக்கும் கேமரா ஃபோல்டரைச் சேர்த்து, வகையை ‘செண்ட் ஒன்லி’ என்று வைத்து, கணினியுடன் பகிருங்கள். கணினியில் ஏற்கும்போது ‘ரிசீவ் ஒன்லி’.

சேவ் கொடுக்குமுன் நில்லுங்கள். போனில் இடமில்லை என்று படங்களை அழித்தால், கணினியிலும் அவை அழியும்! ‘ரிசீவ் ஒன்லி’ இதைத் தடுக்காது. கணினியில் செய்த மாற்றம் போனுக்குப் போகாது என்பது மட்டுமே அதன் பொருள். ஆகவே கணினியில் ‘ஃபைல் வெர்ஷனிங்’ தாவலுக்குப் போய் ‘டிராஷ் கேன்’ தேர்ந்தெடுத்து, நாள் கணக்கில் 0 போடுங்கள். 0 என்றால் என்றைக்கும் வைத்திருக்கும். அழிந்த படங்கள் அந்த ஃபோல்டருக்குள்ளேயே ‘.எஸ்டிவெர்ஷன்ஸ்’ என்ற மறைவான இடத்தில் கிடக்கும். முக்கியமான படங்களை வெளியே வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு, அதற்குப் பிறகே போனில் அழியுங்கள்.

வேகம் குறைவா?

கணினியில் போனின் பெயரைத் தட்டி, இணைப்பு வகையைப் பாருங்கள். ‘டிசிபி லேன்’ என்றிருந்தால் நேரடி இணைப்பு. ‘ரிலே’ என்றிருந்தால் தரவு இன்னொரு சர்வரைச் சுற்றி வருகிறது. மறையாக்கம் செய்தே போவதால் யாரும் படிக்க முடியாது, ஆனால் மெதுவாகத்தான் வரும். போன் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள். பிறகும் ரிலேதான் என்றால், ஃபயர்வாலில் 22000, 21027 போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.