விரல் ரேகையில் பிள்ளையின் படிப்பைத் தேடாதீர்கள்

பெங்களூரில் பத்தாவது முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் பி.யு.சி.க்கு சயின்ஸா, காமர்ஸா என்ற பேச்சு ஓடும்போதே அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் வந்துவிடும். பத்து விரல்களையும் ஸ்கேன் செய்தால் பிறவித் திறமை தெரிந்துவிடுமாம், டி.எம்.ஐ.டி. என்று பெயர். அல்சூரில் என் அக்கா மகளுக்கும் எடுத்தார்கள். கணக்கென்றால் உயிரை விடும் பெண், "எனக்கு லாஜிக் மூளை கம்மியாம் சித்தி" என்று வந்து நின்றாள். மனசு பொறுக்கவில்லை.

நாம் செய்யும் பெரிய தவறு, ஒரு துளி உண்மையைக் காட்டினால் மீதியையும் நம்பிவிடுவது. கருவில் மூளை வளரும் மாதங்களில்தான் விரல் ரேகையும் உருவாகிறது. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் கோளாறு உள்ள பலருக்கு உள்ளங்கை ரேகை வேறுபடுவதும் உண்மை. ஆனால் எந்த ரேகை இருந்தால் கணக்கு வரும், எது இருந்தால் பாட்டு வரும் என்று சொல்ல நம்பகமான ஆதாரம் கிடையாது. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையரைப் பாருங்கள். அவர்களுக்கும் ரேகை ஆளுக்கு ஆள் வேறுதான். அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்களோ பெரும்பாலும் நெருங்கியே வரும். டி.எம்.ஐ.டி. ரிப்போர்ட்டுகளில் ஹோவர்ட் கார்ட்னர் என்ற உளவியலாளர் பெயர் அடிபடும். மொழி, கணக்கு, இசை என்று அறிவு பல வகை எனும் பல்வகை அறிவுத்திறன் கோட்பாட்டை 1983-இல் முன்வைத்தவர் அவர். அவரே இந்தச் சோதனையை ஏற்கவில்லை.

"அப்படியே என் பிள்ளையைப் பார்த்து எழுதினமாதிரி இருக்கே" என்று மயங்குவது அடுத்த தவறு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணவிவரம் கொடுத்தார். துல்லியம் எவ்வளவு என்று கேட்டதற்கு, 5-க்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள்! வரிகளில் பெரும்பகுதி ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. "அன்புக்கு ஏங்குவாள், திறமையை முழுசாக வெளிக்காட்டமாட்டாள்" என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொருந்தாது?

"இவள் கேட்டுப் படிப்பவள், அவன் பார்த்துப் படிப்பவன்" என்று ரிப்போர்ட்டில் வரும் பிரிவையும் நம்பி டியூஷன் மாற்றாதீர்கள். அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நான்கு உளவியலாளர்கள் 2008-இலேயே ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள்.

ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கியிருந்தால் ஒன்று செய்யுங்கள். ஐந்தாறு அம்மாக்கள் சேர்ந்து, பெயரை மறைத்து, எல்லாவற்றையும் கலந்து வையுங்கள். தன் பிள்ளையுடையது எது என்று ஒவ்வொருவரும் எடுத்துப் பார்க்கட்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த வரிகள் யாருக்கும் பொருந்துபவை என்று புரியும். அக்கா மகளின் ரிப்போர்ட்டை மூடிவிட்டு, மூன்று வருஷக் கணக்கு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவள் டீச்சரிடம் போனோம்.