பம்பரத்துக்குச் சாட்டை சுற்றும் முறை

தெருமண்ணில் ஆடி வளர்ந்த தலைமுறையிடம் பம்பரம் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் வீசும் முறையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் பம்பரம் நின்று சுற்றுமா, உருண்டு ஓடுமா என்பது சாட்டையை, அதாவது பம்பரக் கயிற்றைச் சுற்றும்போதே முடிவாகிவிடுகிறது.

கடைந்த மரப் பம்பரத்தையே தேர்ந்தெடுங்கள். எடை குறைந்த பிளாஸ்டிக் பம்பரம் விரைவில் ஓய்ந்துவிடும். ஆணி நட்டநடுவில் நேராக இறங்கியிருக்க வேண்டும். கோணல் ஆணியுள்ள பம்பரம் குதித்துக் குதித்து ஓடுமே தவிர, ஒரே இடத்தில் அசையாமல் நின்று சுற்றாது. சாட்டைக்கு முறுக்கிய பருத்திக் கயிறு சுமார் 1 மீட்டர் போதும். நைலான் வழுக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. கயிற்றின் ஒரு நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு, மறு நுனியைச் சற்று ஈரமாக்கிக் கொள்ளுங்கள்.

இனி, பொறுமையாகச் செய்ய வேண்டிய கட்டம். ஈர நுனியைப் பம்பரத்தின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கயிற்றை ஆணிக்குக் கொண்டுவந்து, மரத்தை ஒட்டி இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். பிறகு ஒரு சுற்றை அடுத்த சுற்று தொட்டபடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பருத்த பகுதிவரை வரிவரியாக ஏற்றிச் செல்லுங்கள். வீசும்போது மேலிருந்து பிரியும் கயிறு கடைசியாக ஆணியருகே பிரிகிறது. அங்கே சுற்றளவு மிகக் குறைவு என்பதால், அதே வேகத்தில் இழுபடும் கயிறு பம்பரத்தைப் பன்மடங்கு வேகமாகச் சுழற்றுகிறது. ஆணிச்சுற்று தளர்ந்திருந்தால் அந்த வேகம் கிடைக்காது. கயிறு எங்காவது குறுக்கே ஏறியிருந்தால் பாதியில் சிக்கி, பம்பரம் வீசியவர் பக்கமே திரும்பி வரக்கூடும். ஆகவே ஐயம் எழுந்தால் முழுவதும் பிரித்து மறுபடி சுற்றுவதே நல்லது.

முடிச்சை இரு விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, ஆணி கீழ்நோக்கியிருக்க, இடுப்பு உயரத்திலிருந்து பம்பரத்தை முன்னே வீசி, கயிறு தீரும் நேரத்தில் மணிக்கட்டால் பின்னுக்குச் சுண்டுங்கள். எதிரே எவரும் நிற்கக் கூடாது. தோளுக்கு மேலிருந்து குத்தும் வீச்சை இது கைவந்த பிறகு பழகலாம்.

அடுத்து, சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் சுண்டியெழுப்பிக் கையில் பிடிக்கும் அபீட். அதில் பிந்தியவரின் பம்பரம் தரையில் வரைந்த வட்டத்துக்குள் போய், மற்றவர்களின் பம்பர ஆணியால் விழும் குத்தை, அதாவது ஆக்கரை வாங்கும் என்பதால், அபீட் தெரியாமல் ஆட்டத்தில் இறங்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்குப் பம்பரம் நிற்பதில்லை என்று சில பெற்றோர் எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள், வலக்கைக்காரர்கள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சாட்டையைச் சுற்ற வேண்டும். வழுவழுப்பான ஓடு (டைல்ஸ்) பதித்த தரையும் வேண்டாம். ஆணி வழுக்குவதுடன் ஓடும் உடையும். இறுகிய மண்தரையே இதற்கு ஏற்றது.