முற்றம் வைத்து வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் புதிதாகக் கட்டுகிறவர்கள் பலரும் நடுவில் சின்னதாக ஒரு முற்றம் வைக்கிறார்கள். அடுத்த ஐப்பசி அடைமழையில் சாரல் உள்ளே அடித்ததும் மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்புறம் சூடான காற்று வெளியேற வழியில்லை, பகலெல்லாம் ஃபேன் ஓடுகிறது. மூடாமலே வைத்திருக்க எங்கள் வீட்டுக்குப் போட்ட கணக்கு இது. அஸ்திவாரம், அப்ரூவல் எல்லாம் உங்கள் இன்ஜினியர் பாடு.

படி 1: அளவு

கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஒரு கட்டம் ஒரு அடி. முற்றத்தின் தரை 9-க்கு 9 அடி. ஓட்டுக் கூரையின் இறவாரம் நாலு பக்கமும் தாழ்வார விளிம்பைத் தாண்டி ஒன்றரை அடி நீளட்டும். வானம் தெரிவது 6-க்கு 6 அடிதான். "இவ்வளவுதானா?" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், சாரலை நிறுத்துவது அந்த ஒன்றரை அடிதான். ஏப்ரல் நடுவில் உச்சி வெயில் நேராக இறங்கும். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு தட்டி கட்டிக்கொள்ளலாம்.

படி 2: மேற்கு

மாடிப்படி, கழிவறை, ஸ்டோர் ரூம் மூன்றையும் மேற்கே தள்ளுங்கள். சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது.

படி 3: மட்டம்

இங்கேதான் எங்கள் பிளான் நின்றுபோனது. முற்றத்துத் தண்ணீர் ஏதாவது ஓர் அறைக்கு அடியில் குழாய் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். மேஸ்திரி முதலில் சொன்ன தரை உயரம், ரோட்டிலிருந்து 18 இஞ்சு. கழித்துப் பாருங்கள்: வீட்டுத் தரையைவிட முற்றம் 9 இஞ்சு பள்ளம். மூலையை நோக்கி வாட்டம் 1 இஞ்சு. அந்த மூலையில் தண்ணீர் இறங்கும் சின்னத் தொட்டியும் குழாயும் உட்கார 10 இஞ்சு. 15 அடி நீளக் குழாய்க்கு வாட்டம் 2 இஞ்சு. மொத்தம் 22. குழாயின் வாய் ரோட்டுக்கு 4 இஞ்சு கீழே வந்து நிற்கிறது! மழைக்காலத்தில் தெருத் தண்ணீர்தான் வீட்டுக்குள் வரும். தரையை 30 இஞ்சுக்கு ஏற்றிய பிறகு வாய் ரோட்டுக்கு மேலே 8 இஞ்சில் வந்தது. ஆகவே அஸ்திவாரம் தோண்டும் முன்பே இந்தக் கழித்தலைப் போட்டுவிடுங்கள்.

குழாய் 4 இஞ்சு, ஒன்றுக்கு இரண்டு. வளைவே கூடாது, இலை அடைத்தால் ஒரு முனையில் கம்பி விட்டு மறு முனையில் எடுக்க வேண்டும். மட்டம் பார்க்க லேசர் கருவியெல்லாம் வீண் செலவு. கொத்தனாரின் தண்ணீர் டியூபே போதும், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கூரை

மங்களூர் ஓட்டுக்கு 10 அடிக்கு 5 அடி உயர்வு கொடுங்கள். குறைத்தால் காற்றோடு வரும் மழை ஓட்டுக்கு அடியில் ஏறும். முற்றத்தைப் பார்த்துச் சரியும் கூரையும் திறப்பும் சேர்ந்து 42 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழைக்கு 4,200 லிட்டர்! தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம், எனவே ஒரு குழாயைச் சம்புக்கே திருப்பிவிடுங்கள். முதல் மழை மட்டும் வெளியே போகட்டும்.

பிறகு சேர்த்தது

கொசுவுக்கு என்ன வழி என்று நிறையப் பேர் கேட்டார்கள். வானத் திறப்பில் வலை கட்டாதீர்கள், இலை சேர்ந்து மட்கும். திருடனுக்கும் குரங்குக்கும் மேலே கம்பி கிரில், கொசுவுக்கு அறைக் கதவுகளில் வலை. முற்றத்து மூலைத் தொட்டியில் தண்ணீர் தேங்காமல், அதன் அடியைக் குழாயின் அடிமட்டம் வரை சிமெண்ட் பூசி உயர்த்திவிடுங்கள்.

20 அடி அகல மனை வைத்திருப்பவர் ஒருவர் நடுவில் முற்றத்துக்கு இடமில்லையே என்றார். பக்கச் சுவரை ஒட்டித் தள்ளி, மூன்று பக்கம் மட்டும் கூரை போடுங்கள். கணக்கு அதேதான். அந்த நாலாவது சுவருக்கு மட்டும் மேலே தொப்பி ஓடு வேண்டும், இல்லையென்றால் பூச்சு நனைந்து உரியும்.