மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்கு டிஜிட்டல் தடயக் கருவி கேட்டுக் கருத்துரு எழுதுவது எப்படி

முதலில் மெஷின் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நிலையத்து பீரோவைத் திறந்து, எத்தனை போன், எத்தனை லேப்டாப், எத்தனை பென் டிரைவ் கிடக்கிறது, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் கைப்பற்றியது, எப்போது நீதிமன்றம் வழியாக ஆய்வகத்துக்குப் போனது, அறிக்கை எப்போது வந்தது, பொருள் எப்போது உரியவர் கைக்குத் திரும்பியது என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். இரண்டு வருடக் கணக்கு போதும். தன் படத்தை யாரோ பரப்புகிறார்கள் என்று புகார் கொடுக்க வந்த பெண், சாட்சியத்துக்காகத் தன் போனையே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதில்தான் அவருடைய பேங்க், பிள்ளையின் ஸ்கூல் குரூப், வேலை எல்லாம் இருக்கும். அந்தப் போன் எத்தனை மாதம் அவர் கையில் இல்லை என்ற எண்தான் உங்கள் கருத்துருவின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

அடுத்து, பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்றிய அரசு 2024-இல் தேசிய தடய அறிவியல் உள்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2,254 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்ததைப் பார்த்து நம் நிலையத்துக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பணம் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் மத்திய ஆய்வகங்களுக்கும் போவது. தடய அறிவியல் திறன் நவீனமயமாக்கல் என்ற 2,080 கோடித் திட்டம் மாநிலங்களுக்கு உதவுவதுதான், ஆனால் அது மாநில ஆய்வகங்களையும் நடமாடும் தடய வாகனங்களையும் பார்த்துப் போட்டது. மாவட்டக் காவல்துறைக்கு ஒத்துவருவது மூன்று வழி. ஒன்று, மாநிலத்தின் சொந்தப் பணம், அதாவது சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கையில் வரும் அறிவிப்பு. இரண்டாவது, மாநிலக் காவல்துறை நவீனமயமாக்கல் திட்டம். 2021-22 முதல் 2025-26 வரையான ஐந்து வருடத்துக்கு ஒன்றிய அரசு இதற்கு ஒதுக்கியது 4,846 கோடி, தமிழ்நாடு மாதிரி மாநிலங்களுக்கு நூற்றுக்கு 60 பங்கு அவர்கள், 40 பங்கு நாம். மூன்றாவது, பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான சைபர் குற்றத் தடுப்புத் திட்டம். இது பெண்கள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் நிர்பயா நிதியில் நடப்பது. மாநிலங்களுக்குச் சுமார் 131 கோடி கொடுத்து, 33 மாநில, யூனியன் பிரதேசங்களில் சைபர் தடய ஆய்வு மற்றும் பயிற்சிக் கூடங்கள் வர வழி செய்தது இதுதான். அதனால் இந்த வழியில் கேட்பவர்கள் மொத்த வழக்குக் கணக்கை மட்டும் கொடுத்தால் போதாது, பெண்களும் குழந்தைகளும் பாதிக்கப்பட்ட வழக்குகளைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும் நீங்கள் நேராக டெல்லிக்கு எழுத முடியாது. நிலையத்தில் இருந்து எஸ்.பி. அலுவலகம், அங்கிருந்து சைபர் கிரைம் பிரிவுத் தலைமையிடம், டி.ஜி.பி. அலுவலகம், உள்துறை என்றுதான் பேப்பர் நகரும். மாநிலத்தின் ஆண்டுச் செயல் திட்டம் தயாராகும் நேரத்தில் உங்கள் கருத்துரு மேலே இருக்க வேண்டும், தயாரான பிறகு போனால் அடுத்த வருடம்தான். எஸ்.பி. அலுவலக அமைச்சுப் பணியாளர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் மிச்சம், போன வருடம் எந்தக் கருத்துரு எதற்காகத் திரும்பி வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, என்ன கேட்பது? நிலையத்துக்கு ஒரு முழு ஆய்வகம் தேவையில்லை. சிப்பைக் கழற்றிப் படிப்பது, உடைந்த போர்டைச் சரி செய்வது எல்லாம் பெரிய ஆய்வகத்தின் வேலை. உங்களுக்கு வேண்டியது, பொருளைக் கெடுக்காமல் நகல் எடுக்கவும், எது அவசரம் என்று முதலில் பிரித்துப் பார்க்கவும் தேவையானவை: சிக்னல் புகாத ஃபாரடே பை, நகல் எடுக்கும்போது மூலப் பொருளில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர், ஒரு நல்ல வொர்க் ஸ்டேஷன் (வேகமான கணினி), போனில் இருந்து தரவு எடுக்கும் கருவி ஒன்று, அப்புறம் ஸ்டோரேஜ். ஸ்டோரேஜை எல்லோரும் மறக்கிறார்கள். 256 ஜி.பி. போன் 40 வந்தால் நகலுக்கு மட்டும் 10 டி.பி.க்கு மேல், பாதுகாப்புக்கு இன்னொரு நகல் என்றால் 20. வழக்கு முடியும்வரை அதை அழிக்க முடியாது, அடுத்த வருடம் இன்னும் 40 வரும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். போன் கருவிகளின் லைசென்ஸ் பெரும்பாலும் வருடக் கணக்கு. மானியத்தில் பெட்டி வாங்கி, முதல் வருடம் ஓகோவென்று ஓடி, இரண்டாம் வருடம் புதுப்பிக்கப் பணம் இல்லாமல், புதிய ஆண்ட்ராய்டு போன் எதையும் திறக்க முடியாமல் பிளாஸ்டிக் உறையோடு மூலையில் கிடக்கும் மெஷினை நான் பார்த்திருக்கிறேன், அந்த அறைக்கு வெளியே தன் போனுக்காகக் காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. மானியம் ஒருமுறை வரும் மூலதனச் செலவு. புதுப்பித்தலோ தொடர்செலவு, அதற்குக் கணக்குத் தலைப்பே வேறு. எனவே கருத்துருவில் ஐந்து வருடச் செலவை அட்டவணையாகப் போடுங்கள்: கருவி விலை, லைசென்ஸ், ஆண்டுப் பராமரிப்பு, ஸ்டோரேஜ் கூடுதல், பயிற்சி. கொள்முதலிலேயே மூன்று அல்லது ஐந்து வருட லைசென்ஸைச் சேர்த்து வாங்க அனுமதி கேளுங்கள். அது முடியாது என்றால், இரண்டாம் வருடம் முதல் மாநில நிதியில் இருந்து தருவதாக அரசாணையிலேயே ஒரு வரி வரும்படி கேளுங்கள். அந்த ஒரு வரிக்காக ஒரு மாதம் அலைந்தாலும் தகும்.

ஆள் இல்லாமலும் மெஷின் ஓடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியமின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. இரண்டாவது பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும், தரவு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடான ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் மாவட்டத்தில் யார், அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து யார் என்பதையும் கருத்துருவில் சொல்லுங்கள். ஒரு கருவிக்கு இரண்டு பேருக்காவது பயிற்சி. காவல்துறையினருக்கான ஆன்லைன் சைபர் பயிற்சித் தளமான சைட்ரெயினில் இருக்கும் இலவசப் படிப்புகளை முன்னதாகவே முடித்து, சான்றிதழ் நகலை இணைத்தால் மேலே படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

கொள்முதல் குறிப்பில் பிராண்டு பெயர் போடாதீர்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன்படி நடக்க வேண்டிய வேலையில், ஒரே கம்பெனிக்குப் பொருந்துகிற மாதிரி எழுதினால் ஆட்சேபணை வந்து ஒரு வருடம் போய்விடும். கருவி என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள ஒன்றிய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நகல் எடுக்கவும், கணினி, போன் ஆய்வுக்கும் உள்நாட்டு மென்பொருள் செய்கிறது, அவர்களிடமும் விலைப்புள்ளி கேட்டுப் பாருங்கள். ஆட்டோப்ஸி போன்ற இலவசத் தடய ஆய்வு மென்பொருளை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், இருப்பதை வைத்து வேலை செய்கிற நிலையத்துக்குக் கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

பணம் வந்த பிறகு, அதைக் கேட்ட வேலைக்கே செலவு செய்தோம் என்று கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழை மறந்தால் மாநிலத்துக்கே அடுத்த தவணை தாமதமாகும். பில், இருப்புப் பதிவேடு, நிறுவிய தேதி, முதல் வழக்கு எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள், மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். கருவி வந்த நாளில் இருந்து, தொடக்கத்தில் சொன்ன அந்த நோட்டில் ஒரு புதிய பத்தியைத் தொடங்குங்கள்: போன் எத்தனை நாளில் திரும்பிப் போனது. அடுத்த கருத்துருவின் முதல் பக்கத்துக்கு அதுதான் வேண்டும்.