டெல்லியில் இதழியல் படிக்க வருகிறீர்களா?

டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. இதழியல் சேர வேண்டுமென்றால் முதலில் க்யூட் (CUET) என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். 2022 முதல் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம், பிளஸ் டூவில் அள்ளிக் குவித்திருந்தாலும் அது மட்டும் போதாது. லேடி ஸ்ரீராம், கமலா நேரு இரண்டும் பெண்கள் கல்லூரி. பையன்கள் டெல்லி கலை, வணிகக் கல்லூரியைப் பார்க்கலாம். ஐ.ஐ.எம்.சி. என்கிற இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் இதழியல் பட்டயம் டிகிரிக்கு அப்புறம்தான், இப்போதைக்கு விடுங்கள்.

சரி, சேர்ந்தாயிற்று. வகுப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரே செய்தியை ஓர் ஆங்கில நாளிதழிலும் ஓர் இந்தி நாளிதழிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் பத்தியில் யார் எதை முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். முதல் வருடத்தில் நான் ‘கரோல் பாகில் தண்ணீரின்றி மக்கள் அவதி’ என்று எழுதிக் கொடுத்தேன். எந்தத் தெரு, எத்தனை நாளாக, உனக்கு யார் சொன்னது என்று ஓரத்தில் மூன்று கேள்விகளோடு திரும்பி வந்தது. மறுநாள் காலையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களிடம் போய்ப் பேசினேன், அதுவும் என் ஓட்டை இந்தியில்! இந்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள், தெருவில் வேறு வழியில்லை.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டாம் வருடத்திலேயே ஒரு மனு போட்டுப் பழகுங்கள்.