மயக்கம் தெளிய அல்ட்ராசவுண்டா? மலைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷன் முடிந்தும் பெரியவர் கண் திறக்கவில்லை என்றால், வெளியே காத்திருக்கும் வீட்டார் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அல்ட்ராசவுண்டால் மூளையைத் தூண்டி ஒருவரை விழிக்க வைத்தார்கள் என்று ஒரு செய்தி கண்ணில் படும். செய்தி பொய்யில்லை. ஆனால் "ஸ்கேன் மிஷின் இங்கேயே இருக்கிறதே, தலையில் வைத்துப் பார்க்கலாமே" என்று டாக்டரிடம் கேட்பதில்தான் முதல் தவறு இருக்கிறது.

வயிற்றை ஸ்கேன் செய்யும் கருவி படம் எடுப்பதற்கானது. அதன் ஒலி அலைகளில் பெரும்பகுதியைப் பெரியவர்களின் மண்டை ஓடு உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மூளையைத் தூண்டும் ஆய்வுகளில் பெரும்பாலும் 1 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த அதிர்வெண்ணில், ஒரே இடத்தில் குவித்து, விட்டு விட்டு அலைகளை அனுப்புவார்கள். குறி வைப்பது தலாமஸ் என்ற பகுதியை. புலன்களிலிருந்து வரும் செய்திகளில் பெரும்பாலானவை மூளையின் நடுவே இருக்கும் இதன் வழியாகத்தான் மேலே போகின்றன.

இரண்டு ஆய்வுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. 2011இல் பாஸ்டனில், கெட்டமினும் சைலசினும் கொடுத்து மயக்கிய எலிகளின் தலாமஸுக்கு அல்ட்ராசவுண்ட் கொடுத்தபோது மயக்கம் சீக்கிரம் தெளிந்தது. 2016இல் வெளிவந்தது லாஸ் ஏஞ்சலிஸில் கோமாவிலிருந்து மீண்டுகொண்டிருந்த 25 வயது இளைஞரைப் பற்றியது. பத்து நிமிடத்துக்குள் 30 விநாடி வீதம் பத்து முறை கொடுத்தார்கள். மூன்று நாளில் நல்ல முன்னேற்றம். ஆனால் ஆய்வை நடத்திய மார்ட்டின் மோன்ட்டியே, அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று எச்சரித்தார். முதலாவது எலி, இரண்டாவது மூளைக் காயம். ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தாது. கை நடுக்கத்துக்குத் தரும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் வேறு. அது தலாமஸில் ஒரு சிறு இடத்தைச் சூடாக்கி அழிப்பது.

இந்த ஆய்வுகள் வளர வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை. ஆனால் இன்றைக்கு மயக்கம் தெளியத் தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைக்கு எட்டும் விஷயங்களில்தான் இருக்கிறது.

குளிரை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மருந்து உடம்பில் மெதுவாகத்தான் கரையும், தெளியவும் நேரமாகும். டிசம்பர் காலையில் ஊட்டியில் மெல்லிய ஆபரேஷன் கவுனோடு பாட்டியை வராந்தாவில் உட்கார வைக்காதீர்கள். நர்ஸிடம் கேட்டுக் கம்பளி போர்த்துங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தைவிடக் கால் பங்கு குறைவு. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருக்கும் ஆக்ஸிஜன் மாஸ்க்கை, "மூச்சு முட்டுதாம், பாவம்" என்று நீங்களே கழற்றிவிடக் கூடாது.

அப்புறம், மறைப்பது. தூக்க மாத்திரை, தினசரிக் குடி, தூங்கும்போது பலத்த குறட்டை, சுகர், கிட்னிக் கோளாறு எதுவானாலும் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்ற கூச்சத்தில் குடியை மறைப்பதுதான் அதிகம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கண் விழித்த வயதானவர் குழம்பிப் பேசினால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு உலுக்காதீர்கள். கண்ணாடியையும் காது மிஷினையும் முதலில் மாட்டிவிடுங்கள். வீட்டில் படுக மொழி பேசுபவர் என்றால் அதிலேயே ஒருவர் மட்டும் பேசட்டும்: இது ஆஸ்பத்திரி, ஆபரேஷன் முடிந்தது, நான் உங்கள் மகள்.

கோவையில் காலையில் சின்ன ஆபரேஷன், சாயங்காலமே வீடு என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் வண்டியை நோயாளி ஓட்டக் கூடாது. தெளிவாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும், 24 மணி நேரம் சாவியைக் கொடுக்காதீர்கள். வீடு வந்த பிறகு தட்டி எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.