கழண்டு விழாதா? ரோலர் கோஸ்டரில் நம்மவர் செய்யும் தவறுகள்

மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ வெளிநாடு போகும் ஒரு குடும்பம் பெரிய ரோலர் கோஸ்டரின் முன்னால் போய் நின்றதும் வாயில் வரும் முதல் கேள்வி, "இது கழண்டு விழாதா?" என்பதுதான். அதே குடும்பம் பெருநாள், திருவிழாக் காலத்தில் மணலில் ஒரே இரவில் பூட்டி எழுப்பிய ராட்டினத்தில், மடியில் மூன்று வயதுப் பிள்ளை, கையில் கச்சான் சரை சகிதம் ஏறிவிடும். அங்கே ஒரு கேள்வியும் வராது.

கோஸ்டரில் ஏறுவதற்கென்றே பயணம் போகிற ஆள் நான். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் தொற்றிய பைத்தியம். கூட வந்த சொந்தக்காரர், கூட்டாளிமார், அவர்களின் பிள்ளைகள் என்று எல்லாரையும் பார்த்ததில் தெரிந்தது இதுதான்: உயரத்தையும் வேகத்தையும் பார்த்து நடுங்குகிறோம், பார்க்கவேண்டிய சின்னச் சின்னச் சாமான்களைப் பார்ப்பதில்லை. கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறப்பவை.

கழலுமா என்று பயப்படுவது

கழலாது. கோஸ்டர் வண்டி தண்டவாளத்தின் மேல் சும்மா உட்கார்ந்து ஓடுவதில்லை. மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் சக்கரம், தண்டவாளத்துக்குக் கீழே நின்று வண்டியை எழும்பவிடாமல் தடுக்கும் சக்கரம் என மூன்று வகை இருக்கும். கீழ்ச் சக்கரத்துக்கு அமெரிக்கரான ஜான் மில்லர் காப்புரிமை பெற்றது 1919இல். நூறு வருடத்துக்கு மேல் ஓடித் தேறிய ஏற்பாடு.

தலைகீழாகச் சுற்றும் வளையமும் அப்படித்தான். உச்சியில் ஆள் விழாமல் இருக்கப் பூட்டு மட்டும் காரணமல்ல. வளையத்தில் போகும் வேகமே உடம்பை இருக்கையோடு சேர்த்து அமுக்கிவிடும். பழைய காலத்தில் பிரச்சினை வேறாக இருந்தது. 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் ரயில்வேயின் வளையம் சரியான வட்டம். நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் கணத்தில் பாரம் முழுதும் ஒரேயடியாகக் கழுத்தில் இறங்கியது. 1976இல் கலிஃபோர்னியாவில் திறந்த ரெவல்யூஷன் என்ற கோஸ்டர் தொடக்கம் வளையத்தை அடியில் அகலமாகவும் உச்சியில் ஒடுக்கமாகவும் செய்கிறார்கள். பாரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

ஏற்றத்தில் கேட்கும் 'டக் டக் டக்' சத்தத்துக்கு அழுத பெரிய மனிதர்களை நான் அறிவேன். சங்கிலி விட்டாலும் வண்டி பின்னால் உருளாதபடி ஒவ்வொரு பல்லிலும் விழுந்து பிடிக்கும் இரும்பு நாக்கின் சத்தம் அது. புதிய கோஸ்டர்கள் சிலவற்றில் அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டார்கள். "சத்தமே இல்லையே, வேலை செய்யுதா?" என்று இப்போது அதற்கும் பயம்.

நடுவழியில் நின்றால் கூச்சல் போடுவது

ஒரு தடத்தில் இரண்டு மூன்று வண்டிகள் ஓடும் கோஸ்டரில் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் உள்ளது விலகாவிட்டால் பின்னால் வருவதைக் கணினி தானாகவே நிறுத்திவிடும். ஆக, ஏற்றத்தின் நடுவில் உங்கள் வண்டி நின்றுவிட்டால், பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எழும்ப முயல்வதும் பூட்டை ஆட்டுவதும் "எடுங்கப்பா" என்று கீழே நிற்பவர்களை அவசரப்படுத்துவதும்தான் தவறு.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். ஸ்மைலர் என்ற கோஸ்டரில் 16 பேரோடு போன வண்டியைக் கணினி சரியாகவே நிறுத்தியது. முன்னால் ஆளில்லாத சோதனை வண்டி ஒன்று தடத்தில் நின்றுபோனதைக் கவனிக்காத பணியாளர்கள், கணினியை மீறி வண்டியை விட்டார்கள். மோதலில் இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு கால் இழந்தார்கள். நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்ட் அபராதம். இயந்திரம் நில் என்றது, மனிதர் போ என்றார். அதனால்தான் கோஸ்டர் நின்றால் எனக்குக் கோபம் வருவதில்லை.

மணலில் நிற்கும் ராட்டினத்தைப் பார்க்காமல் ஏறுவது

ஊர்க் கார்னிவலை நான் மட்டம் தட்டவில்லை. என்னை இந்தப் பக்கம் இழுத்ததே சின்ன வயதில் மாமாங்கத் திருவிழாவில் பார்த்த ராட்டினம்தான். ஆனால் ஊர் ஊராகக் கழற்றிப் பூட்டும் இயந்திரத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு தடவை தவறு நேர இடம் இருக்கிறது. நீங்களாகவே பார்த்துக்கொள்ளக் கூடியவை சில.

காலடியைப் பாருங்கள். மரக்கட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதில் ராட்டினத்தின் கால் நின்றால், முந்திய இரவு மழை பெய்ததா என்று யோசியுங்கள். தண்ணீர் கட்டையின் அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போயிருக்கும். ஒரு சுற்று முழுக்கச் சுற்றும்வரை அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அசைந்தால் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

பிறகு பூட்டு. மடிக்கம்பியைப் பூட்டும் ஆணியின் நுனியில் கொண்டையூசி மாதிரி ஒரு சின்னக் கவ்வி இருக்கும். அதிர்வில் ஆணி கழன்று வராமல் தடுப்பது அதுதான். ஒரு பெருநாள் கார்னிவலில், ஆடும் கப்பலில் அந்தக் கவ்வி இருக்கவேண்டிய துளையில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள். அடுத்த வரிசையில் கம்பியும் இல்லை. பச்சை நைலோன் வலைக்கயிறு. கயிறு வெளுத்து நார் நாராகப் பிரிந்திருந்தது. மடிக்கம்பியைப் பிடித்துத் தூக்கினேன், ஒரு சாண் மேலே வந்தது. "அது ஒண்டும் செய்யாது தம்பி, ஏறுங்க" என்றார் ஓட்டுபவர். பின்னால் நின்றவர்கள் ஏறினார்கள்.

மூன்றாவது அந்த ஓட்டுபவரே. சுவிட்சில் கை வைத்திருப்பவரின் கண் ஆட்களில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா? கூட்டம் "இன்னும் வேகம்" என்று கத்தும்போது வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறாரா? கொடுக்கிறார் என்றால் அங்கே ஏறாதீர்கள்.

கடைசி இருக்கை பயமில்லை என்று நம்புவது

"கடைசில இருந்தா ஒண்டும் தெரியாது மச்சான்" என்று சொல்லிப் பயந்தவரைப் பின்னால் ஏற்றுவது நம்மவரின் வழக்கம். உண்மை நேர்மாறு. முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது வண்டியின் பெரும்பகுதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், ஆகவே மெதுவாகத்தான் தாண்டும். பின்பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் உள்ள பெட்டிகள் எல்லாம் விழத் தொடங்கியிருக்கும். அவை இழுக்கிற இழுவையில் பின்பெட்டி வேகமாக உச்சியைக் கடந்து, ஆளை இருக்கையிலிருந்து கிளப்பிவிடும். எனக்கு அதுதான் வேண்டும்; முதல்முறை ஏறுபவருக்கு வேண்டாம். அவரை நடுப்பெட்டியில் வையுங்கள். பஸ்ஸில் போனால் சத்தி எடுப்பவரென்றால் முன்பெட்டி நல்லது, பாதை தெரியும்.

கண்ணை மூடுவதும் இதே கணக்குத்தான். அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று கண் சொன்னால் கழுத்து தயாராகிவிடும். மூடியிருந்தால் காது ஒன்று சொல்லும், உடம்பு ஒன்று சொல்லும், தலை சுற்றும். தலையைப் பின்சாய்மானத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பாருங்கள். பெங்களூரு வொண்டர்லா பூங்காவின் ரீகாயில் மாதிரியான பூமராங் வகைக் கோஸ்டரில் இது மிக முக்கியம். மூன்று தலைகீழ்ச் சுற்றை முன்பக்கமாகவும், அதே மூன்றைப் பின்பக்கமாகவும் போகவேண்டும். தலையைத் தளர விட்டால் தோள்பூட்டில் காது அடிபட்டுச் சிவந்துவிடும்.

பூட்டைச் சரிபார்க்க ஆள் வரும்போது வயிற்றை உப்பி இடம் பிடிப்பவர்களும் உண்டு. தளர்ந்த பூட்டு வசதி இல்லை. உடம்பு எழும்பி எழும்பித் தொடை கம்பியில் அடிபடும். இறுக்கமாக இருந்தால்தான் நோகாது.

நகையோடும் சால்வையோடும் ஏறுவது

இதை நம்மூர்ப் பெண்களுக்கு வற்புறுத்திச் சொல்லவேண்டும். பயணம் போகும்போது தாலிக்கொடி, அட்டியல், ஜிமிக்கி எல்லாம் போட்டுக்கொண்டுதான் போகிறோம். தோள்பூட்டு இறங்கியதும் தாலிக்கொடியின் வளையங்கள் கழுத்தெலும்புக்கும் பூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். மூன்று மடங்கு பாரத்தில் அது பதிந்த தழும்பு ஒரு வாரம் மாறாது. ஜிமிக்கி தோள்பூட்டில் சிக்கினால் காது கிழியும். கழற்றி லாக்கரில் வைக்க மனமில்லையென்றால் கொடியைச் சட்டைக்குள் விட்டு நடு நெஞ்சில் கிடக்கும்படி இறக்குங்கள். தோட்டைக் கட்டாயம் கழற்றுங்கள்.

சால்வை, துப்பட்டா, தலைமுக்காட்டின் தொங்கும் நுனி, நீண்ட பின்னல் எல்லாவற்றையும் உள்ளே செருகவேண்டும். முக்காட்டுக்குக் குண்டூசிக்குப் பதிலாக உள்தொப்பி நல்லது. கோஸ்டரைவிட இதில் பயங்கரம் கோ-கார்ட் என்ற சின்னப் பந்தயக் கார். சக்கர அச்சு திறந்தே இருக்கும், இருக்கை அதற்குப் பக்கத்தில். 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரில் முடி அச்சில் சிக்கி ஒரு பெண் இறந்துபோனார். "சின்னக் கார்தானே" என்று துப்பட்டாவோடு ஏறுகிற இடமும் அதுதான்.

ஆண்களுக்குப் போன். அரைக்கால் சட்டைப் பொக்கெட்டிலிருந்து பறக்கும் போன் உங்களுக்கு நட்டம் மட்டுமல்ல, பின்னால் வருபவரின் முகத்தில் போய் விழும். சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவின் தஞ்சோரா, கால்கள் அந்தரத்தில் தொங்கப் போகும் வகை. அங்கே செருப்பும் போகும்.

நீர் விளையாட்டுக்குப் பருத்தி உடுப்போடு விடமாட்டார்கள், நைலோன் உடுப்பு கையோடு கொண்டுபோங்கள். வாசலில் வாடகைக்கு எடுப்பது வீண் செலவு.

பிள்ளையின் வயதைச் சொல்லி வாதாடுவது

உயரக்கோல் வயதைக் கேட்பதில்லை. பூட்டு எந்த உடலளவுக்குச் செய்யப்பட்டதோ அதற்குக் கீழே உள்ள பிள்ளை நழுவும், அவ்வளவுதான். பிள்ளைக்குக் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டுக் கூட்டிவரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்து, பூங்காவின் இணையத்தளத்தில் எந்தச் சவாரிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்துவிட்டால் வாசலில் அழுகை இல்லை. கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள், கழுத்து முதுகில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஏறவே கூடாது. பிரஷர் இருப்பவர் போகுமுன் வைத்தியரிடம் கேட்கட்டும்.

பெயர்பெற்ற ஒன்றுக்காக நாள் முழுவதையும் விழுங்கக் கொடுப்பது

அபுதாபி ஃபெராரி வேர்ல்டின் ஃபார்முலா ரோசா 2010இல் திறந்தது. ஐந்து விநாடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டர். கண்ணில் மணலும் பூச்சியும் அடிக்காமல் கண்ணாடி தந்துதான் ஏற்றுவார்கள். எல்லாரும் அதற்கே ஓடுகிறார்கள். கூரைக்கு வெளியே ஓடுவதால் காற்று, புழுதி என்றால் மூடிவிடுவார்கள், மணிக்கணக்கில் நின்ற வரிசை வீண். அதே பூங்காவின் ஃப்ளையிங் ஏசஸ் வேகத்தில் ரோசாவின் பாதிதான். ஆனால் 51 பாகைச் சரிவில் ஏற்றி, 52 மீட்டர் உயர வளையத்தில் சுற்றி, மேட்டுக்கு மேடு ஆளைத் தூக்கிப் போடும். எனக்குக் கேட்டால் நல்ல கோஸ்டர் அதுதான். ரோசா ஒரு அனுபவம், ஒருமுறை போதும்.

சுழலும் கிண்ணம், சுழலும் நாற்காலி வகைகளைக் காலையிலேயே தொடங்கவேண்டாம். கோஸ்டரைவிட அவைதான் குமட்டும், பிறகு நாள் முழுக்கத் தலை நேராகாது. வயிறு முட்டப் பிரியாணியும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா, அங்கிருந்து விமானம், இறங்கிய மறுநாளே பூங்கா என்று திட்டம் போடுபவர்களுக்குத் தலையிடி வந்தால் பழி கோஸ்டரில் விழும். காரணம் தூக்கமும் தண்ணீரும்.

எந்த நாளில் போவது என்பதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பெருநாளுக்கு அபுதாபியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய், பெருநாள் விடுமுறையிலேயே பூங்காவுக்கும் போவது நம்மவர் வழக்கம். அந்நாட்டு மக்கள் முழுதும் அன்றைக்குத்தான் வருவார்கள். நோன்பு காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் திறக்கும் நேரம் மாறும். இந்தியாவுக்கு ஏப்ரல் விடுமுறையில் போனால் வெயிலும் தேர்வு முடிந்த பிள்ளைகளும் சேர்ந்து வருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் விடுமுறை கிடைத்தால் அதுதான் நல்ல காலம்: சென்னையிலும் சிங்கப்பூரிலும் அப்போது பள்ளிக்கூடம் நடக்கும். செவ்வாய், புதன் பாருங்கள். சிங்கப்பூரென்றால் தேசிய தினமான 9ஆம் திகதியையும், இந்தியாவென்றால் சுதந்திர தினமான 15ஆம் திகதியையும் விடுங்கள். சிங்கப்பூர் யூனிவர்சல் பூங்காவில் தனி ஆளுக்கென்று வேறு வரிசை இருக்கிறது. குடும்பமாக ஒரே வண்டியில்தான் போவோம் என்று அடம் பிடிக்காமல் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து ஏறினால், மற்றவர் ஒருமுறை ஏறும் நேரத்தில் நீங்கள் இரண்டுமுறை ஏறி வந்துவிடலாம்.